பத்துக்குப் பன்னிரண்டு அறை: கருநீலமா, சந்தனமா?

தாழ்வாரம்: எங்கள் படுக்கையறை 10க்கு 12 அடி. வடக்குப் பக்கம் ஒரே ஜன்னல், நாலடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். எனக்குச் சந்தன நிறம் போதும். கணவர் நான்கு சுவருக்கும் கருநீலம்தான் என்கிறார். அடுத்த வாரம் பெயின்டர் வருகிறார். எதை அடிப்பது?

மொட்டைமாடி: கருநீலம் அடியுங்கள். வெளிர் நிறத்துக்கு அழகு தருவதே அதன்மேல் விழும் வெளிச்சம்தான். அது வராத அறையில் சந்தனம் பகலெல்லாம் அழுக்கேறிய மாதிரி மங்கிக் கிடக்கும். தூங்குகிற அறை இருட்டாக இருந்தால் என்ன? எங்கள் வீட்டில் மூன்று வருடமாகக் கருநீலம்தான், சீலிங் மட்டும் வெள்ளை.

கிணற்றடி: தூங்குவதற்கு மட்டுமா படுக்கையறை? துணி மடிப்பது, பிள்ளை படிப்பது, பீரோவில் தேடுவது எல்லாம் அங்கேதான். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். சந்தனம் அதற்குக் கொஞ்சம் கீழே. கருநீலம் 10 சதவீதம்கூடத் தராது. அப்புறம் பகலிலும் டியூப்லைட்தான். இரவில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டால் அந்த நீலம் கறுப்பாகவே தெரியும்.

முக்கியமாக, சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு பூத்தால் சந்தனத்தில் அவ்வளவாகத் தெரியாது, கருநீலத்தில் கோலமாவு கொட்டிய மாதிரி நிற்கும். என் மாமியார் வீட்டில் ஒரே மழைக்காலத்தில் அப்படி ஆனது. பழையபடி வெளிர் நிறத்துக்கு மாற மறுபடி பிரைமர் அடித்து, மேலே மூன்று கோட்டிங் ஓட்ட வேண்டியிருந்தது.

மேற்குச்சுவர்: அடர் நிறம் அறையைச் சூடாக்கும், அதையும் யோசியுங்கள்.

மொட்டைமாடி: இல்லைங்க, அது வெளிச்சுவருக்கு. வெயில் படுவது அங்கேதானே. உள்ளே அடிக்கும் நிறத்தால் அறையின் சூட்டில் பெரிய மாற்றம் வராது. ஓதம் பற்றிக் கிணற்றடி சொன்னது சரி. ஆனால் ஓதம் ஏறிய சுவரில் சந்தனமும்தான் உரியும். அதைச் சரிசெய்யாமல் எந்த நிறமும் அடிக்காதீர்கள்.

கிணற்றடி: அதில் நானும் உங்கள் கட்சி. நிறத்தில் இல்லை.

தாழ்வாரம்: ஜன்னலுக்குக் கீழே நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பட்டி மாவாக உதிர்கிறது. பெயின்டரைத் தள்ளி வரச் சொல்லிவிட்டேன். இரண்டு நிறத்தையும் இரண்டடி அட்டையில் அடித்து, ஜன்னல் பக்கமும் கட்டில் பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறோம். கணவர் இன்னும் கருநீலத்தை விடவில்லை.

மொட்டைமாடி: ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் அடர்ந்துவிடும்.