முதலில் பாட்டில், அப்புறம் மாத்திரை

குழு: வட ஆற்காடு குடும்பம்

ஞாயிறு

பெரியப்பா (காட்பாடி), காலை 6:48
அனைவருக்கும் காலை வணக்கம். வந்ததை அனுப்புகிறேன்: "கொளுத்தும் வெயிலில் நீர்க்கடுப்பா? பார்லி கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு மூன்று நாள் குடியுங்கள். சிறுநீரகமே சுத்தமாகிவிடும். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

சுமதி அத்தை (ஆம்பூர்), 7:20
அண்ணா, எனக்கென்றே அனுப்பினீர்களா? வெள்ளிக்கிழமையிலிருந்து ஒண்ணுக்குப் போனாலே எரிகிறது. வந்து உட்கார்ந்தால் மறுபடி முட்டுகிறது, போனால் நாலு சொட்டு. சூடு பிடித்துக்கொண்டது.

பெரியப்பா, 7:23
வெயில் அப்படி அடிக்கிறது சுமதி. பாலாற்று மணலில் கால் வைக்க முடியவில்லை.

நித்யா (அம்மா போனில், குடியாத்தம்), 7:31
ஆயா சொல்லச் சொன்னாங்க: தொப்புளைச் சுத்தி விளக்கெண்ணெய் தடவணுமாம். நெருஞ்சில் முள்ளை இடிச்சுக் கொதிக்க வெச்சுக் குடிக்கணுமாம்.

சுமதி அத்தை, 7:36
எண்ணெய் நேற்றே தடவியாச்சு என்று சொல்லு. கம்பெனி வாசல் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். போன தடவை அதற்குக் கேட்டது. அதற்கு முந்தின தடவையும்தான். பொங்கல் கழிந்ததிலிருந்து வருகிறது, போகிறது, வருகிறது.

ரேவதி (வேலூர்), 8:05
அத்தை, அந்த மாத்திரையைப் போட்டுவிட்டீர்களா?

சுமதி அத்தை, 8:07
இல்லைம்மா. இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று இருக்கிறேன்.

ரேவதி, 8:07
போடாதீர்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் இருக்கிறதா? விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி? வாந்தி?

சுமதி அத்தை, 8:11
அதெல்லாம் இல்லை. அடிவயிறுதான் கனமாக இருக்கிறது. கலங்கலாகப் போகிறது, நாற்றமும் அடிக்கிறது.

ரேவதி, 8:14
சரி, அப்படியென்றால் நாளைக் காலை வரை பொறுக்கலாம். நான் கேட்ட மூன்றில் ஒன்று வந்தாலும் இன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். நாளை டாக்டரைப் பார்த்து, முதலில் யூரின் கல்ச்சருக்குக் கொடுங்கள், என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிற டெஸ்ட். அதற்கு அப்புறம்தான் மாத்திரை.

கார்த்தி அண்ணா (ஆற்காடு), 8:30
கல்ச்சர் என்றால் இரண்டு மூன்று நாள் ஆகும், பணமும் ஆகும். எரிச்சல் தாங்காமல் வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். கவுண்ட்டரில் நிற்பவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

ரேவதி, 8:33
டாக்டர் சீட்டில்லாமல் செஃபிக்ஸிம் மாதிரி கிருமியைக் கொல்லும் மாத்திரை கொடுப்பீர்களா அண்ணா?

கார்த்தி அண்ணா, 8:38
அது ஹெச்1 அட்டவணை மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச்சிலிருந்து யார் எழுதிக் கொடுத்தார், யார் வாங்கினார் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தக் கிளினிக்கும் திறந்திருக்காத நேரத்தில் வந்து கடையில் நின்று பார்.

ரேவதி, 9:02
டாக்டர் கிடைக்காததற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் லேபில் உட்கார்ந்து நான் பார்ப்பதையும் கேளுங்கள். அத்தை, நீங்களும் படியுங்கள், கொஞ்சம் நீளம்தான்.

நீங்கள் கொடுக்கிற பாட்டிலில் ஒரு கம்பி வளையத்தைத் தோய்த்து எடுப்போம். அதில் நிற்பது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தட்டில் கோலம் இழுக்கிற மாதிரி இழுத்து, ராத்திரி முழுவதும் உடம்புச் சூட்டில் வைப்போம். காலையில் நூறு புள்ளிக்கு மேல் முளைத்திருந்தால் ஒரு மில்லியில் லட்சம் கிருமி என்று கணக்கு. முக்கால்வாசி ஈ.கோலைதான். நம் குடலில் இருக்கிற கிருமி, இடம் மாறி வந்துவிடுகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வருகிற குழாய் 4 செ.மீ. நீளம்தான், ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு. அதனால்தான் நமக்கு இவ்வளவு வருகிறது. பெண்களில் பாதிப் பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது வந்துவிடும்.

அப்புறம் அந்தக் கிருமியை இன்னொரு தட்டு முழுக்கப் பரப்பி, மேலே மருந்து தோய்த்த குட்டிக் காகித வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிச் சுத்தமாக ஒரு வட்டம் விழும். கேட்காவிட்டால் வில்லையின் ஓரம் வரை கிருமி வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். எல்லோரும் கடையில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இப்போது பெரும்பாலான தட்டில் வட்டமே விழுவதில்லை.

இரண்டு மாத்திரை போட்டுவிட்டு வந்து பாட்டில் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? தட்டு காலியாக இருந்துவிடலாம். 'வளர்ச்சி இல்லை' என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். நீங்கள் எரிச்சலோடு வீட்டுக்குப் போவீர்கள்.

பெரியப்பா, 9:20
அப்போது பார்லி வேண்டாமா?

ரேவதி, 9:24
தாராளமாகக் குடிக்கலாம் பெரியப்பா, தண்ணீர்தானே. ஏற்கெனவே பிடித்த கிருமியை அது விரட்டிவிடும் என்று நம்பி ஒரு வாரம் உட்கார்ந்திருப்பதுதான் தப்பு. வராமல் தடுக்கத் தண்ணீர் நிஜமாகவே உதவும். 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அடிக்கடி இது வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவைதான் வந்தது. மற்றவர்களுக்கு 3.2.

சுமதி அத்தை, 9:41
தண்ணீர் குடி என்று சொல்வது சுலபம் ரேவதி. நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் இருக்கிறேன். மெஷினை விட்டு எழுந்தால் எனக்குப் பின்னால் ஆறு பேருக்கு வேலை நின்றுவிடும். லைனைப் பார்க்கிற பையன் என் பிள்ளை வயசு, அவனிடம் போய் எதற்கு என்று சொல்வது? சாப்பாட்டு மணிக்குப் போனால் வரிசை. அதனால் காலையில் வேன் ஏறுவதற்கு முன் டீயோடு சரி. எங்கள் வேனில் வருகிற எல்லோரும் அப்படித்தான்.

செல்வி சித்தி (குடியாத்தம்), 9:50
இங்கே இவளும் அப்படித்தான். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே வருகிறது. கேட்டால் தாகமே இல்லை என்கிறாள்.

நித்யா, 9:52
தாகம் இருக்கும். எங்க ஸ்கூல் பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லை. யாராவது வெளியே பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.

செல்வி சித்தி, 9:53
இதை ஏண்டி என்னிடம் சொல்லவில்லை? நாளைக்கே வந்து பேசுகிறேன்.

மாலா அண்ணி (ஆற்காடு), 10:15
ரேவதி, எனக்கு ஐந்தாம் மாதம். எரிச்சல் எதுவும் இல்லை, ஆனாலும் யூரின் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். எடுக்காமல் விட்டுவிட்டேன். பரவாயில்லையா?

ரேவதி, 10:18
எடுத்துவிடுங்கள் அண்ணி. கர்ப்பத்தில் எரிச்சலே இல்லாமல் கிருமி இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும், குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். இருந்தால் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்தாகப் பார்த்துக் கொடுப்பார்கள்.

செல்வி சித்தி, 10:21
அப்படியென்றால் ஆயாவுக்கும் ஒன்று எடுத்துவிடலாமா?

ரேவதி, 10:25
வேண்டாம் சித்தி. ஆயாவுக்கு எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லையே. வயதானவர்களுக்குத் தொந்தரவு இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து மருந்து கொடுத்தால் நல்லது நடப்பதில்லை, கிருமிக்குத்தான் பழக்கமாகும். தொந்தரவு இல்லாவிட்டாலும் தேடிப் பார்க்க வேண்டியது முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கு.

பெரியப்பா, 10:40
ரேவதிக்கு மட்டும்: ராத்திரி அடிக்கடி எழுந்திருக்கிறேன். போனாலும் முழுசாகப் போன மாதிரி இல்லை.

கார்த்தி அண்ணா, 10:41
அப்பா, இது குரூப்.

ரேவதி, 10:44
இருக்கட்டும் அண்ணா, நல்லதுதான். பெரியப்பா, புராஸ்டேட் சுரப்பி வீங்கினால் சிறுநீர்ப்பையில் சிறுநீர் தேங்கும், தேங்கினால் கிருமி பிடிக்கும். ஆண்களுக்கு வந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். சர்க்கரையும் பார்த்து ரொம்ப நாளாகிறது உங்களுக்கு.

திங்கள்

சுமதி அத்தை, காலை 8:50
அரைநாள் லீவு போட்டு வந்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், கையில் பாட்டில் இருக்கிறது. எப்படிப் பிடிப்பது? இங்கே கேட்க வெட்கமாக இருக்கிறது.

ரேவதி, 8:52
கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த இடத்தையும் வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். முதலில் கொஞ்சம் கழிப்பறையில் போகவிட்டு, நிறுத்தாமல் நடுவில் வருவதைப் பிடியுங்கள், கடைசியை விட்டுவிடுங்கள். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. அதை ஈரமான வாஷ்பேசின் மேல் கவிழ்த்து வைப்பவர்கள்தான் அதிகம். பிடித்ததும் கொடுத்துவிடுங்கள், பையில் போட்டுக்கொண்டு கடைவீதி சுற்றாதீர்கள்.

சுமதி அத்தை, 9:20
கொடுத்தாச்சு. ரிப்போர்ட் வரும் வரைக்கும் போட நைட்ரோஃபுரான்டாயின் என்று ஒன்று எழுதியிருக்கிறார். வீட்டில் வாங்கி வைத்த மாத்திரையைக் கேட்டார். அட்டையைக் காட்டினேன், தலையை ஆட்டினார்.

கார்த்தி அண்ணா, 9:31
ரொம்பப் பழைய மருந்து அத்தை. சாப்பாட்டோடு போடுங்கள், இல்லாவிட்டால் குமட்டும்.

செவ்வாய்

சுமதி அத்தை, காலை 6:10
ரேவதி!! பழுப்பாகப் போகிறது. ரத்தமா?

ரேவதி, 6:14
மாத்திரையின் நிறம் அத்தை, பயப்படாதீர்கள். நிறுத்திவிடாதீர்கள். எரிச்சல் எப்படி இருக்கிறது?

சுமதி அத்தை, 6:15
பாதி குறைந்துவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதா? உயிரே போய்விட்டது எனக்கு.

வியாழன்

சுமதி அத்தை, மாலை 5:40
ரிப்போர்ட் வந்துவிட்டது. ஈ.கோலை என்று போட்டிருக்கிறது. கடையில் வாங்கினேனே, அது கேட்காது என்று வந்திருக்கிறது. நைட்ரோஃபுரான்டாயின் கேட்கும். சொன்ன நாள் வரைக்கும் முடிக்கச் சொன்னார்.

கார்த்தி அண்ணா, 5:52
முன்பு போட்டபோது குறைந்தது என்றீர்களே?

ரேவதி, 5:58
சில பேருக்கு இது தானாகவே அடங்கும் அண்ணா. பெயர் மாத்திரைக்குப் போய்விடும்.

நித்யா, 6:30
எங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் போட்டுட்டாங்க. அம்மா வந்து சத்தம் போட்டாங்க, மானம் போச்சு.

சுமதி அத்தை, 7:05
ரேவதி, வேனில் சொன்னேன். என்னோடு தைக்கிற இரண்டு பேர் மாசக்கணக்காக இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மேடம் ஒருத்தரிடம் போய், காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து போக விட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். சனிக்கிழமை சொல்கிறேன் என்றார். அவர்களுக்கு அந்தப் பாட்டில் எங்கே கிடைக்கும்?

ரேவதி, 7:09
டாக்டர் எழுதிக் கொடுத்தால் லேபிலேயே கொடுப்பார்கள், சுத்தம் செய்து மூடியது. ஊறுகாய் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். நேற்றுக்கூட ஒன்று வந்தது, கடுகு மிதந்துகொண்டிருந்தது.