கனடா ஸ்பொன்சர்: குழுவைக் கேட்பதா, ஏஜெண்டிடம் கொடுப்பதா?

நிலாவெளிக்காற்று:
தங்கச்சிக்கு மாசியில் கலியாண எழுத்து (சட்டப் பதிவு) நடந்தது. கோயில் கலியாணம் ஆவணியில், பத்ரகாளி அம்மன் கோயிலில். மாப்பிள்ளை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் தங்கச்சியை அங்கே எடுப்பதற்கு இப்போது ஸ்பொன்சர் படிவங்கள் நிரப்புகிறோம். திருமலை (திருகோணமலை) ஆட்கள் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "எழுத்துத் தேதியைப் போட்டால் சந்தேகப்படுவார்கள், கோயில் தேதியைப் போடுங்கள்" என்றார் ஒருவர். இன்னொருவர் தான் கொடுத்த விளக்கக் கடிதத்தை அப்படியே அனுப்பி, பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். அப்பாவோ டவுனில் ஒரு ஏஜெண்டிடம் கொடுப்போம் என்று நிற்கிறார். அவர் கேட்கிற காசு எங்களுக்கு அதிகம். குழுவை நம்பி நாங்களே செய்யலாமா?

சுவாமிமலை:
தம்பி, முதலில் அந்தக் குழுவை விட்டு வெளியே வாருங்கள். கனடாவுக்குச் சட்டப்படி பதிவான நாள்தான் திருமண நாள். விவாகச் சான்றிதழில் மாசி, படிவத்தில் ஆவணி என்று போய்ச் சேர்ந்தால் யார் பதில் சொல்வது? பொய்த் தகவல் என்று அவர்கள் முடிவெடுத்தால் 5 வருடத் தடை. சொல்லிக் கொடுத்தவர் அன்றைக்கு 'குட் மோர்னிங்' போட்டுக்கொண்டு இருப்பார்.

இன்னொன்று. 2023இல் கனடா, தேங்கிக் கிடந்த விசிட்டர் விசா விண்ணப்பங்களைக் குறைக்கச் சில நிபந்தனைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. அந்த வருடக் கடைசியோடு அது முடிந்துவிட்டது. ஆனால் "இப்போது அள்ளிக் கொடுக்கிறார்கள்" என்ற குரல் பதிவு இன்னும் சுற்றுகிறது. போன கிழமைகூட எனக்கு வந்தது.

ஸ்காபரோ_திருமலை:
ஐயா, குழுவை இவ்வளவு திட்டுகிறீர்கள், அந்த ஏஜெண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடிவரவு அலுவலைச் செய்ய வழக்கறிஞருக்கும் உரிமம் உள்ள ஆலோசகருக்கும்தான் அனுமதி (கியூபெக் மாகாணத்தில் நொத்தாரிசுக்கும் உண்டு). ஆலோசகர் என்றால் அவர்களுக்கு உரிமம் கொடுக்கிற அமைப்பின் ('கொலேஜ்' என்பார்கள்) இணையப் பதிவேட்டில் பெயர் இருக்கும், யாரும் தேடிப் பார்க்கலாம். டவுன் ஏஜெண்டிடம் ஒன்றைக் கேளுங்கள்: பிரதிநிதிப் படிவத்தில் உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைப்பீர்களா? பெரும்பாலும் பேச்சை மாற்றுவார்கள். படிவத்தில் அவர் இல்லை, பிழை வந்தால் அது உங்கள் பிழை.

ஆள் சொன்னதை நம்பிப் போனவர்களின் கதை நமக்குத் தெரியாததா? 2022 நவம்பரில் கனடா என்று கப்பலேறிய 303 இலங்கையர் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவர்களை எந்த வாட்ஸ்அப் குழுவும் ஏற்றி அனுப்பவில்லை.

என் மனைவியின் ஸ்பொன்சரை நாங்களே செய்தோம். படிவங்கள் அரசாங்க இணையத்தளத்தில் இலவசம். விளங்காத இடங்களைக் குழுவில்தான் கேட்டோம்.

சுவாமிமலை:
ஏஜெண்டிடம் போகச் சொன்னேனா? ஆளைத் தெரியாமல் காசு கொடுக்காதே, ஆளைத் தெரியாமல் அறிவுரையும் வாங்காதே என்கிறேன். உங்களுக்குச் சரியாக வந்தது. சரியாக வராதவர் குழுவில் வந்து எழுதுவாரா? வெட்கத்தில் வாயை மூடிக்கொள்வார். அதனால் குழுவில் எல்லோருக்கும் எல்லாம் சுகமாக முடிந்த மாதிரியே தெரியும்.

டொக்யார்ட்_பெடியன்:
ஐயா சொன்னதில் இதுதான் எனக்குப் பிடித்தது. எங்கள் குழுவில் விசா கிடைத்தவர் கேக் படம் போடுவார். ரிஜெக்ட் ஆனவர் சத்தமில்லாமல் லெஃப்ட்.

கிண்ணியா_பாலம்:
நான் குழுவின் பக்கம். எட்ட இருந்து பேசுவது சுலபம், கடதாசி தூக்கி அலைந்தவனுக்குத்தான் தெரியும். கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவன் நான். அங்கத்தைய பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். ஊருக்கு வந்த பிறகு அதை எடுப்பது எப்படி, கைரேகையை எங்கே வைப்பது, எந்த முத்திரைக்குப் பிறகு எந்த முத்திரை என்று எனக்குப் படிப்படியாகச் சொன்னது ஒரு குழு. முன்பின் தெரியாத ஒரு நானா இரவு பதினொரு மணிக்கு வொய்ஸ் போட்டார். ஐந்து சதம் வாங்கவில்லை.

நிலாவெளித் தம்பி, பிறப்புச் சான்றிதழ் தமிழில்தானே இருக்கும்? சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது பாஸ்போர்ட்டின் பிரதியையும் கொடுங்கள். எங்கள் பெயர்களை இங்கிலீஷில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து என்று வந்தால் அதற்கு வேறு விளக்கம் எழுத வேண்டும். தங்கச்சிக்கு நல்ல இங்கிலீஷ் தெரியும் என்று வீட்டிலேயே மொழிபெயர்த்துவிடவும் வேண்டாம், விண்ணப்பதாரரோ குடும்பத்தவரோ செய்தால் எடுக்க மாட்டார்கள்.

ஸ்காபரோ_திருமலை:
இதைத்தான் சொன்னேன். இந்த விவரம் எந்தக் கையேட்டில் இருக்கிறது?

சுவாமிமலை:
அவர் சொன்னது கடதாசி எடுக்கிற வழி. அதற்குக் குழு நல்லதுதான், மறுக்கவில்லை. "இப்படிச் சொல்லு, அப்படி மறை" என்று உங்கள் வாழ்க்கைக் கதையை ஊரார் எழுதித் தருவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பெயரை மாற்றிப் போடச் சொன்ன கடிதம் எத்தனை பேர் கையில் போயிருக்கும்? ஒரே வசனம், ஒரே எழுத்துப்பிழை, கீழே வேறு வேறு சோடி. படிக்கிற அதிகாரிக்குக் கண் இல்லையா?

வேலை வாய்ப்புக் கடிதமும் அப்படித்தான். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (தொழில் திறமைக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் கனடாத் திட்டம்) அதற்குக் கொடுத்த புள்ளிகளை 2025 மார்ச் 25இல் எடுத்துவிட்டார்கள். "கடிதம் வாங்கினால் 50 புள்ளி" என்று இன்னும் பழைய கணக்கு நடக்கிறது. அதை நம்பிக் காணி விற்கப் போன வீடு எனக்குத் தெரியும்.

உவர்மலை_சட்டம்:
தேதிக் கேள்வி அப்படியே நிற்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றை மறைக்கத் தேவையே இல்லை. திருமண நாள் என்ற இடத்தில் எழுத்து நடந்த தேதி. உறவு பற்றிய தகவல் படிவத்தில் சடங்கு, விருந்து நடந்ததா, எங்கே, யார் வந்தார்கள் என்று தனியாகக் கேட்கிறார்கள். அங்கே கோயில் கலியாணத்தை எழுதுங்கள். முதலில் எழுத்து, மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததும் தாலி என்பது நமக்குச் சாதாரணம், அவர்களுக்கு அப்படி இல்லை. தங்கச்சி தன் சொந்த வசனத்தில் நாலு வரி எழுதினால் போதும். முன்பு ஒருமுறை விசா மறுக்கப்பட்டது, பழைய விவாகரத்து என்று ஏதாவது இருந்தால் மட்டும் உரிமம் உள்ளவரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள்.

நிலாவெளிக்காற்று:
அப்படி ஒன்றும் இல்லை அக்கா. மாசித் தேதியையே போடுகிறோம். கடிதத்தைத் தங்கச்சி எழுதத் தொடங்கிவிட்டாள். அப்பாவைச் சமாளிப்பதுதான் மிச்சம். கிண்ணியா அண்ணா, மாப்பிள்ளையும் முன்பு டுபாயில் இருந்தவர். அவருக்கும் பொலிஸ் சான்றிதழ் வேண்டுமா?

ஸ்காபரோ_திருமலை:
அவர் ஸ்பொன்சர் பண்ணுகிறவர் தம்பி. பொலிஸ் சான்றிதழ் போகிறவருக்குத்தான். சரிபார்ப்புப் பட்டியலை ஒருக்கால் திறந்து பாருங்கள்.

சுவாமிமலை:
அந்தப் பட்டியலையும் இணையத்தளத்தில் இருந்தே இறக்குங்கள். குழுவில் வருகிற பழைய பிடிஎஃப் வேண்டாம். என்னைக் கேட்டால், தேதி போடாத எந்தச் செய்தியையும் குழுவில் அனுப்பக் கூடாது என்று அட்மின் ஒரு சட்டம் போட வேண்டும்.

டொக்யார்ட்_பெடியன்:
அப்படிப் போட்டால் எங்கள் குழுவில் கேக் படம் மட்டும்தான் மிஞ்சும் ஐயா.