54 வருடம் ஒரே வார்டு: சிகாகோவின் எட் பர்க்கை ஏன் தோற்கடிக்க முடியவில்லை?

கேள்வி:
சிகாகோ மாநகராட்சி வரலாற்றிலேயே அதிக காலம் கவுன்சிலராக இருந்தவர் எட் பர்க். 1969 முதல் 2023 வரை, அதே 14ஆவது வார்டு. எனக்குப் புரியாதது என்னவென்றால், 2019 ஜனவரியில் மிரட்டிக் காரியம் சாதிக்கப் பார்த்தார் என்று அவர்மேல் வழக்கு, அடுத்த மாதமே தேர்தல், அதிலும் ஜெயிக்கிறார். எப்படி?

பதில் 1:
வார்டே குடும்பச் சொத்து மாதிரிதான். அப்பா ஜோசப் பர்க் அங்கே கவுன்சிலர், 1968இல் அவர் இறந்ததும் போலீஸ் வேலையில் இருந்த மகன் நின்று ஜெயித்தார், வயது 25. 1983இல் ஹரால்ட் வாஷிங்டன் முதல் கறுப்பின மேயராக வந்தபோது, பர்க்கும் இன்னொரு கவுன்சிலர் எட் வர்டோல்யாக்கும் 50 பேரில் 29 கவுன்சிலர்களைத் திரட்டிக்கொண்டு மூன்று வருடம் அவரை எதையும் செய்யவிடவில்லை. நிதிக்குழுத் தலைவர் பதவியும் அப்போதுதான் கைக்கு வந்தது. அந்த முடக்கத்தை என்னால் மன்னிக்கவே முடியாது.

பதில் 2:
நிதிக்குழு பெரிய அதிகாரம், சரி. ஆனால் நிஜமான பிடி வார்டுக்குள்தான் இருந்தது. அப்போது கவுன்சிலர் தலையசைக்காமல் கடை வாசலில் வண்டி ஏறி இறங்கப் பாதைகூடப் போட முடியாது. வழக்கில் வந்த பர்கர் கிங் விஷயமே அதுதான்: புலாஸ்கி சாலையில் கடையைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள், சொத்து வரியைக் குறைக்க வாதாடும் வேலையை பர்க்கின் சட்ட நிறுவனத்துக்குத் தரவில்லை, உடனே வண்டிப் பாதைக்கு அனுமதி இல்லையென்று வேலை நின்றது. இன்னொரு பேரத்தில் 'டூனா சிக்கியதா' (பெரிய மீன், அதாவது பெரிய கட்சிக்காரர்) என்று சக கவுன்சிலரிடம் கேட்டதும் பதிவாகிவிட்டது, அந்த சக கவுன்சிலர் டேனி சோலிஸ் எஃப்பிஐக்காக ரகசியமாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

பதில் 3:
ஓட்டுப் போட்டவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குப்பை, பனி, மரம் வெட்டுவது என்று எதற்கும் ஓடிப்போய் நிற்கும் இடம் கவுன்சிலர் ஆபீஸ், அதை நடத்தத் தெரிந்தவரை மாற்ற ஜனங்களுக்குப் பயம். பதவியில் இருந்துகொண்டே சொத்து வரி வக்கீலாகச் சம்பாதிக்கவும் அப்போது தடையில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம். 2023 டிசம்பரில் பர்க்மேல் இருந்த 14 குற்றச்சாட்டுகளில் 13 நிரூபணமாகி, 2024 ஜூனில் 2 வருட சிறையும் 20 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள்.

பதில் 2:
லோரி லைட்ஃபுட் 2019 மே மாதம் மேயராகப் பதவியேற்ற அன்றே அந்த அனுமதி அதிகாரத்தைக் குறைத்து உத்தரவு போட்டார். ஆனால் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதில் அந்தந்த வார்டு கவுன்சிலர் பேச்சுக்கு மற்றவர்கள் கட்டுப்படும் வழக்கம் அதோடு போய்விடவில்லை.