மூன்று சிஸ்டங்களை செமான்டிக் வெப் சர்வீஸ் வழியாக இணைப்பது: எங்கே ஆரம்பிக்கலாம்?

கிடங்குக்கணினி:
வணக்கம். ஈஆர்பியில் (ஆர்டர், கணக்கு மென்பொருள்) எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் சோப் சர்வீஸ்கள் இருக்கின்றன, அவற்றை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பும் உண்டு. வாடிக்கையாளர் விவரங்கள் உள்ள சிஆர்எம், ரெஸ்ட் ஏபிஐ வழியாக ஜேசன் வடிவில் தரவு தரும். கிடங்கு மென்பொருள் பழசு. ஏபிஐ கிடையாது, டேட்டாபேஸை வாசிக்க மட்டும் அனுமதி. இவை போக, பழுது நீக்கும் குறிப்புகள் சில ஆயிரம் பிடிஎஃப்களாகக் கிடக்கின்றன.

இந்த வாடிக்கையாளருக்கு இன்னும் அனுப்பாத ஆர்டர்கள் எவை, அதற்கான பாகம் கையிருப்பில் உண்டா, அதே பாகத்தைப் பற்றி முன்பே புகார் வந்திருக்கிறதா என்பதை ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும். ஓடபிள்யூஎல்-எஸ் என்ற விவரிப்பு மொழி கொண்டு சர்வீஸ்களை விவரித்துவிட்டால் ரீசனரே (தர்க்கத்தால் முடிவு காணும் மென்பொருளே) தேடிக் கோர்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அந்த வழி சரியா? 'இரண்டும் ஒன்றே' என்று சொல்லும் சேம்ஆஸ் போட்டு வாடிக்கையாளர் பதிவுகளை இணைத்ததில், வேறு வேறு கம்பெனிகளின் ஆர்டர்கள் ஒரே பெயரில் வந்து விழுகின்றன. ஏன்?

மும்மை:
மூன்று சிஸ்டத்துக்கு ஓடபிள்யூஎல்-எஸ் வேண்டாம். அது 2004-இலும், அதே வகையான டபிள்யூஎஸ்எம்ஓ 2005-இலும், வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியிடம் சமர்ப்பிக்கப்பட்டதோடு நின்றுவிட்டன. பரிந்துரை (அதிகாரப்பூர்வத் தரம்) என்ற நிலையை எட்டவில்லை. தானாகக் கோர்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சர்வீஸின் முன்நிபந்தனையையும் விளைவையும் தர்க்க வாக்கியமாக எழுதியாக வேண்டும். எதை எப்போது கூப்பிடுவது என்பது உங்களுக்கே தெரியும். ஈஆர்பியின் வாடிக்கையாளர் எண்ணும் சிஆர்எம்மின் கணக்கு எண்ணும் ஒருவரைத்தான் குறிக்கின்றனவா என்பதுதான் தெரியவில்லை. உழைப்பை அங்கே போடுங்கள்.

ஈஆர்பிக்கு எஸ்ஏடபிள்யூஎஸ்டிஎல் போதும். 2007-இல் பரிந்துரையானது. இருக்கிற டபிள்யூஎஸ்டிஎல்லில் அது சேர்ப்பது மூன்றே பண்புகள்: இந்தப் புலம் ஆன்டாலஜியில் (கருத்துகளையும் உறவுகளையும் வரையறுக்கும் தொகுதியில்) எது என்று சுட்டும் மாடல்ரெஃபரன்ஸ், எக்ஸ்எம்எல்லை ஆர்டிஎஃப்பாக (பொருள், பண்பு, மதிப்பு என்ற மும்மைகளாலான கிராஃபாக) ஏற்றும் லிஃப்டிங், திரும்ப இறக்கும் லோயரிங். ஏற்றுவதற்கு, எக்ஸ்எம்எல்லை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி நன்றாக வேலை செய்யும். இறக்கும்போதுதான் அடிபடும். ஒரே கிராஃபை ஆர்டிஎஃப்/எக்ஸ்எம்எல்லாகப் பல வடிவத்தில் எழுத முடியும் என்பதால், லைப்ரரியை மாற்றிய அன்றே உங்கள் எக்ஸ்எஸ்எல்டி காலியாகத் திரும்பும். முதலில் ஆர்டிஎஃப்பிடம் கேள்வி கேட்கும் மொழியான ஸ்பார்க்கிளில் செலக்ட் ஓட்டுங்கள்; அதன் எக்ஸ்எம்எல் விடைக்கு நிலையான வடிவம் உண்டு. எக்ஸ்எஸ்எல்டியை அதன் மேல் ஓட்டுங்கள். ஏற்றும்போது யூஆர்ஐ (நிலையான அடையாள முகவரி) இல்லாத வெற்றுக் கணுக்களை விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அது புதுக் கணுவாக வரும், ஒரே ஆர்டர் இரண்டாகும். ஆர்டர் எண்ணை வைத்து யூஆர்ஐ கட்டுங்கள்.

சிஆர்எம்முக்கு ஜேசன்-எல்டி கான்டெக்ஸ்ட் (ஜேசன் புலங்களை ஆன்டாலஜிச் சொற்களோடு பொருத்தும் பட்டியல்) எழுதுங்கள். ஏபிஐ தரும் ஜேசனைத் தொட வேண்டாம், பதிலின் லிங்க் ஹெடரில் கொடுத்தாலே போதும். இரண்டைக் கவனியுங்கள். கான்டெக்ஸ்டில் இல்லாத புலங்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விழுந்துவிடும். ஐடி எண்ணாக வந்தால் அப்படியே ஏற்காது, சரமாக மாற்றித் தர வேண்டும்.

கிடங்குக்கு ஆர்2ஆர்எம்எல் மேப்பிங் (அட்டவணைகளை ஆர்டிஎஃப்போடு பொருத்தும் விதிகள்), அதன் மேல் ஸ்பார்க்கிளை எஸ்க்யூஎல்லாக மாற்றும் ஆன்டாப் போன்ற ஒன்று. கையிருப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறும், நகல் எடுத்து வைப்பதில் பயனில்லை. கேள்வி அப்படியே எஸ்க்யூஎல் ஆகி டேட்டாபேஸுக்குப் போகட்டும். பாக எண் நிலையான நீளமுள்ள கேரக்டர் காலமாக இருந்தால், பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடங்கள் யூஆர்ஐயில் %20 ஆக வந்து நிற்கும். ஒரு பக்கம் 000471, மறுபக்கம் 471 என்றாலும் இதே கதைதான். பிழைச் செய்தி எதுவும் வராது. விடை காலியாக வரும், அவ்வளவுதான். மேப்பிங் எழுதும் முன் மூன்று சிஸ்டத்திலும் அதே 20 பாகங்களின் எண்களை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள்.

பிடிஎஃப்களை முழுவதுமாக மும்மைகளாக்க முயல வேண்டாம். எஸ்கேஓஎஸ் (வகைப்பாடுகளை எழுதும் தரம்) கருத்துத் தொகுதி ஒன்றில் பழுது வகைகளை வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பாக எண், பழுது வகை இரண்டை மட்டும் கட்டுங்கள்.

வரைபடக்காரன்:
சேம்ஆஸ் பிரச்சினைக்கு வருகிறேன். அது இருபக்கமும் செல்லும், தொடர்ந்தும் செல்லும். 'அ'வும் 'ஆ'வும் ஒன்று, 'ஆ'வும் 'இ'யும் ஒன்று என்றால் மூன்றும் ஒன்று. தலைமை அலுவலகத்தின் வரி எண் கிளைகளின் பதிவிலும் இருந்து, அந்த எண்ணை வைத்து நீங்கள் இணைத்திருந்தால் மொத்தக் குழுமமும் ஒரே ஆளாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஒன்றாகிப்போன ஒவ்வொரு தொகுதியிலும் ஈஆர்பி எண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், ஈஆர்பியிலேயே இரட்டைப் பதிவு இருக்க வேண்டும், அல்லது இணைப்பு தப்பு.

ஆன்டாலஜியில் 'பில் முகவரி' ஃபங்ஷனல் ப்ராப்பர்ட்டி (ஒருவருக்கு ஒரே மதிப்புதான்) என்று எழுதியிருக்கிறீர்களா? ஒருவருக்கு இரண்டு முகவரிக் கணுக்கள் வந்தால் ஓடபிள்யூஎல் (ஆன்டாலஜி எழுதும் மொழி) ரீசனர் தவறு என்று சொல்லாது. இரண்டு முகவரியும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடும். ஒரு பண்பு எந்த வகைக்கு உரியது என்னும் டொமைனும் அப்படியே, தடுக்காது, வகையை ஊகிக்கும். தடுக்க வேண்டியதை, தரவைச் சரிபார்க்கும் மொழியான ஷாக்கிளில் எழுதுங்கள். 2017 முதல் பரிந்துரையாக இருக்கிறது.

இணைப்பு விதி ஒவ்வொன்றின் விளைவையும் தனித்தனி பெயரிட்ட கிராஃபில் வையுங்கள். விதி தவறென்றால் அந்த கிராஃபை மட்டும் நீக்கலாம். ஊகித்தவற்றைச் சேமித்து வைத்திருந்தால் அவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும், இதை மறந்துவிடுவார்கள்.

கிடங்குக்கணினி:
வரி எண்ணேதான் காரணம்! ஒரு தொகுதியில் 14 ஈஆர்பி எண்கள். இன்னும் இரண்டு சந்தேகம். கையிருப்பு பெட்டிக் கணக்கில் இருக்கிறது, ஆர்டரோ உதிரி எண்ணிக்கையில். க்யூடிடி என்ற அளவலகுத் தொகுப்பு இதற்கு உதவுமா? ஸ்பார்க்கிளின் சர்வீஸ் கட்டளை (தொலைவிலுள்ள மூலத்தைக் கேட்பது) போட்டு மூன்றையும் சேர்த்துக் கேட்டால் விடை வர நிமிடக்கணக்கில் ஆகிறது.

மும்மை:
கிலோ, மீட்டருக்கு க்யூடிடி சரி. பெட்டி என்பது அலகே அல்ல. ஒரு பாகத்தில் 12, இன்னொன்றில் 50. எனவே பாகத்தோடு 'பொதி' என்று ஒரு கணுவைக் கட்டி, உள்ளே எத்தனை என்பதை அதில் எழுதுங்கள். பெட்டிக் கணக்குள்ள எந்தப் பாகத்துக்கும் அந்த எண் குறைந்தது ஒன்று இருக்க வேண்டும் என்று ஷாக்கிள் விதி போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பாகங்கள் விடையிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும்.

வேகத்துக்கு முதலில் ஆப்ஷனலுக்குள் (இருந்தால் மட்டும் சேர்க்கும் பகுதிக்குள்) சர்வீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பல இன்ஜின்கள் அங்கே தொலைவிலிருக்கும் அட்டவணை முழுவதையும் இழுத்து வந்து பிறகு வடிகட்டும். வாடிக்கையாளரை வேல்யூஸில் (மதிப்புகளைக் கேள்வியிலேயே தரும் பகுதியில்) கட்டி, ஆர்டர் பகுதியை முதலில் ஓட்டி, கிடைத்த பாக எண்களை மட்டும் கிடங்குக்கு அனுப்புங்கள்; ஒரே கேள்வியாக அல்லாமல் இரண்டாக ஓட்டினாலும் பரவாயில்லை.

ஆர்டரை மாற்றும்போது கிராஃபில் எழுதாதீர்கள். ஈஆர்பியின் சோப் சர்வீஸைக் கூப்பிட்டு, அது திருப்பித் தரும் பதிலை லிஃப்டிங் செய்து, அந்த ஒரு ஆர்டரின் கிராஃபை மட்டும் மாற்றி வையுங்கள். எடுத்த நேரத்தையும் ப்ரோவ் (தரவு எங்கிருந்து வந்தது என்று பதியும் தரம்) பண்பாகச் சேர்த்துவிட்டால், எந்த விடை எவ்வளவு பழையது என்பது கேள்வியிலேயே தெரியும்.