புதுப்பிப்பு: மீஞ்சூர் போர்வெல் தண்ணீர் உப்பானது ஏன்?

சென்னைக்கு வடக்கே, கடலுக்குப் பக்கத்திலுள்ள மீஞ்சூரில் எங்கள் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறதே, பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவா, கடல்நீரா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

“டிடிஎஸ்ஸோட (தண்ணியில கரைஞ்சிருக்கிறதோட மொத்த அளவு) நிறுத்தாதீங்க, உப்பைக் காட்டுற குளோரைடு, ஆலைக்கழிவுல வர்ற ஈயம் மாதிரி கன உலோகம் பாருங்க, பக்கத்துக் கிணற்றுத் தண்ணியையும் கொடுங்க” என்ற யோசனைதான் கைகொடுத்தது. போர்வெல்லில் குளோரைடு லிட்டருக்கு 1,400 மில்லிகிராம். குடிநீருக்கு, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்கும் 1,000தான் உச்ச வரம்பு. கன உலோகம் எதுவும் வரம்பு தாண்டவில்லை. கடல்நீர்தான் என்றார் லேப்காரர். ஆலைக்கும் வயலுக்கும் நிலத்தடி நீரை அளவில்லாமல் உறிஞ்சியதில் 1960களின் இறுதியிலேயே இங்கே கடல் உப்பு புகுந்துவிட்டதே.

எதிர்பாராதது: பத்தடி தள்ளியிருக்கும் தாத்தா காலத்து உறைகிணற்றில் குளோரைடு 210தான்! அடியில் முழங்கால் அளவு வண்டல். தூர்வாரி, மாடி மழைநீரை அதில் விட்டிருக்கிறோம். போர்வெல் மோட்டாரைக் கழற்றியாச்சு. இனியும் இழுத்தால் இந்தக் கிணறும் கரித்துவிடும்.