புதுப்பிப்பு: பொட்டாசியம் கூடினால் இளநீர் மட்டுமா காரணம்?

வவுனியாப் பக்கச் சிறுநீரக நோயாளர் இளநீரைக் குறைக்கவேணும் எண்டு முந்தி எழுதினது சரி, ஆனால் பாதிக்கதைதான். உடம்பின் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 வீதம் கலங்களுக்குள். இரத்தத்தில் லீற்றருக்கு 3.5–5 மில்லிமோல்தான். சாப்பிட்டதும் இன்சுலின் அதைக் கலத்துக்குள் தள்ளும். மிச்சத்தை அல்டொஸ்டெரோன் எண்ட ஹோர்மோனின் ஏவலில் சிறுநீரகம் ஆறுதலாக வெளியேற்றும். பிரஷருக்கும் இதயத்துக்கும் குடுக்கிற லொசாட்டன், ஸ்பைரோனோலக்டோன் குளிசைகள் இந்த இரண்டாம் வழியைத்தான் மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாதேங்கோ, கிளினிக்கில் கேளுங்கோ.

இரத்தம் எடுக்கேக்க கையைப் பொத்திப் பொத்தித் திறந்தாலும், குழாயில் செங்கலம் உடைஞ்சாலும் அளவு பொய்யாகக் கூடும். அதுக்காக 6ஐத் தாண்டினதைப் பொய்யெண்டு விடேலாது. அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி (இதயத்துடிப்புப் பதிவு) எடுக்கவேணும்.

மரவள்ளியிலயும் பொட்டாசியம் இருக்கு. மெல்லிசாக வெட்டி, நிறையத் தண்ணியில் அவிச்சு வடிச்சு ஊத்துங்கோ, கொஞ்சம் தண்ணியோட போயிடும். அந்தத் தண்ணியிலயே குழம்பு வைச்சால் வடிச்சது வீண்.