நிர்வாக போர்ட் இல்லாமல் சான் (சேமிப்பக நெட்வொர்க்) ஸ்விட்ச்சுக்குள் நுழைய வழி உண்டா?

கேள்வி: தொலைவில் இருக்கும் சிஸ்கோ எம்டிஎஸ் சான் ஸ்விட்ச் பெட்டியின் நிர்வாக போர்ட்டுக்கு (அமைப்புகளை மாற்ற உள்ளே நுழையும் தனி ஈதர்நெட் போர்ட்) கேபிள் இழுக்க வழியில்லை. சேமிப்பக டேட்டா ஓடும் ஃபைபர் சேனல் போர்ட்டுகள் வழியாகவே எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை லாகின்) போட முடியுமா? டேட்டா ஓட்டம் பாதிக்குமோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் 1: தாராளமாக முடியும். ஃபைபர் சேனல் மேல் ஐபி ஓட்டும் முறை 1999-லேயே ஆர்எஃப்சி 2625 என்ற இணையத் தர ஆவணமாக வந்துவிட்டது. தொலைவிலுள்ள பெட்டி, அதோடு ஃபைபரில் இணைந்த உங்கள் பக்கத்துப் பெட்டி இரண்டிலும் விசான் (சானுக்குள் பிரித்த மெய்நிகர் சான்) இன்டர்ஃபேஸ் உருவாக்கி, ஒரே சப்நெட்டில் (ஐபி முகவரித் தொகுதி) ஐபி கொடுங்கள். நிர்வாக போர்ட் இணைந்திருக்கும் பெட்டியில் ஐபி ரவுட்டிங்கை இயக்குங்கள். தொலைவிலுள்ளதற்கு அதுதான் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல். எஸ்எஸ்எச், எஸ்என்எம்பி (கண்காணிப்பு நெறிமுறை) எல்லாம் சொற்ப டிராஃபிக்தான், டேட்டாவுக்குப் பாதிப்பு தெரியாது.

கேட்டவர்: செய்தேன் சார். பக்கத்துப் பெட்டியிலிருந்து பிங் போகிறது, என் கணினியிலிருந்து போகவில்லை.

பதில் 1: உங்கள் கணினிக்கு அந்த விசான் சப்நெட்டுக்குப் போகும் வழி தெரியவில்லை. அந்த சப்நெட்டுக்கு, கேட்வே பெட்டியின் நிர்வாக ஐபி வழியாக உங்கள் கணினியில் ரூட் (போகும் வழி) சேர்த்துவிடுங்கள்.

பதில் 2: ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இடையிலுள்ள லிங்க்கை ஷட் செய்தால் நீங்களும் வெளியே! உட்கார்ந்த கிளையை வெட்டுவது மாதிரி. அதனால் கன்சோல் போர்ட்டில் (பெட்டியின் நேரடி சீரியல் போர்ட்) ஒரு டெர்மினல் சர்வர், அதாவது அந்தப் போர்ட்டை நெட்வொர்க் வழியாகத் தொட உதவும் கருவி, கட்டாயம் வேண்டும். அப்புறம், பாஸ்வேர்டை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் லாகினை அணைத்துவிடுங்கள்.

கேட்டவர்: ரூட் சேர்த்ததும் உள்ளே போய்விட்டேன். கன்சோலுக்கு இன்றே கேட்கிறேன். நன்றி.